இருபது இலக்க நெற்குவியலும் பத்து இலக்கக் கணிகருவியும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் கணிதம் கற்பிக்கும் எனக்கு, பெரிய முழு எண்களைப் பிரித்துப் பார்ப்பதற்கென்று நல்ல கணிகருவி ஒன்று நெடுநாளாகத் தேவைப்பட்டது. சைன், கோசைன் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் போதும். ஆனால் ஓர் எண்ணைக் கொடுத்தவுடன் அதன் முதன்மைக் காரணிகளை வரிசையாகத் தரும் வசதி எல்லாக் கருவிகளிலும் இல்லை. கடந்த ஆண்டுப் பெரும்போக அறுவடைக் காலத்தில் மட்டக்களப்பு நகரில் அப்படியொன்றை வாங்கினேன். அதனோடு ஒரு வருடம் பழகிய பிறகு, அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வாங்கியது இதுவல்ல. பார்வைக்கு அச்சு அசலாக இதே போன்றிருந்த ஒன்றை, மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த விலையில், நகரத்துக் கடையொன்றில் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, காரணியாக்கத்துக்கான எழுத்து விசையின் மேல் அச்சிடப்பட்டிருந்ததே தவிர, அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. 7 என்ற விசையோ இரண்டு தரம் அழுத்தினால்தான் ஒரு தரம் பதிந்தது. பற்றுச்சீட்டு இல்லாதபடியால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. இரண்டாவது முறை வேறு கடைக்குப் போனபோது, பணம் கொடுக்குமுன் 4294967297 என்ற எண்ணை அழுத்திப் பார்த்துவிட்டே வாங்கினேன். இந்த எண்ணைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

இந்தக் கருவியைச் சாதாரண தரப் பரீட்சைக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே மடக்கை அட்டவணைதான். ஆகவே, பரீட்சைப் புள்ளிக்காக வாங்குவதானால் காசு வீண். எண்களைப் பற்றிப் பிள்ளையின் மனதில் ஆசை பிறக்கட்டும் என்பதற்காக வாங்குவதானால் மட்டும் மேலே வாசியுங்கள்.

நான் இதைச் சோதித்தது ஒரே ஓர் எண்ணை வைத்து. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பினால் எத்தனை மணி என்ற கதையை அறியாத வகுப்பு நம் நாட்டில் இருக்காது. விடை 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் வேளாண்மைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; களத்தில் குவிந்து கிடக்கும் பொலியைக் கண்ணால் கண்டவர்கள். ஆயிரம் நெல்மணி ஏறத்தாழ 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குவியல் 46 ஆயிரம் கோடித் தொன்னைத் தாண்டுகிறது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் நெல் 80 கோடித் தொன்னுக்குக் கிட்ட வருவதால், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட விளைச்சலை ஒரே களத்தில் குவிக்க வேண்டியிருக்கும். பருமனைப் பற்றிய பேச்சு இவ்வளவுடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த எண் எப்படிப்பட்டது, 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண்ணா, வேறு எண்களாலும் வகுபடும் சேர்த்தி எண்ணா, எத்தனை காரணிகளை உடையது என்ற கேள்விகளில்தான் கணிதம் தொடங்குகிறது.

கருவியில் 2⁶⁴ − 1 என்று அழுத்திச் சமன் விசையைத் தொட்டால் 1.844674407 × 10¹⁹ என்று வருகிறது. இதில் குற்றமில்லை, திரையில் பத்து இலக்கங்களுக்குத்தான் இடம் உண்டு. ஆனால் அந்த விடையிலிருந்து 2⁶⁴ஐக் கழித்துப் பாருங்கள். விடை −1 ஆக இருக்க வேண்டும். கருவியோ 0 என்கிறது. 2⁶⁴ இரட்டை எண், அதற்கு முந்தியது ஒற்றை எண். ஓர் எண்ணை வகைப்படுத்தும்போது கேட்கும் முதற் கேள்வியே ஒற்றையா இரட்டையா என்பதுதானே? அந்த இரண்டையும் கருவி ஒன்றென்று சொல்கிறது. சொல்லும்போது எந்தத் தயக்கமும் காட்டுவதில்லை. உள்ளே அது பதினைந்து இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கைவிட்டுவிடுகிறது என்பதே காரணம். கைவிட்டது அந்த எண்ணின் வால், இரட்டையும் ஒற்றையும், ஐந்தால் வகுபடுவதும் படாததும் வாழும் இடம் அந்த வால்தான். திரையின் மூலையில் ‘இது கிட்டிய பெறுமானம்’ என்று ஒரு சிறு அடையாளம் போட்டிருக்கலாம். இந்தக் கருவியைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

பன்னிரண்டு இலக்கம் வரையிலான எண்களுக்கு ஓர் உபாயம் உண்டு. முன்னிலக்கங்களைக் கழித்துவிட்டால், உள்ளே ஒளிந்திருக்கும் பின்னிலக்கங்கள் வெளியே வந்துவிடும். 2¹⁸ ஐ 524287 ஆல் பெருக்கினால் திரையில் 1.374386913 × 10¹¹ என்று வரும். அதிலிருந்து 137438000000ஐக் கழித்தால் 691328 வந்து நிற்கும். ஆகவே எண் 137438691328. இருபது இலக்க எண்ணுக்கு இந்த உபாயம் செல்லாது, அங்கே வால் உள்ளேயும் இல்லை.

அப்படியானால் நெற்குவியல் எண்ணை இந்தக் கருவியால் பிரிக்கவே முடியாதா? பிரிக்கலாம். ஆனால் பிரிப்பது கருவியல்ல, பிள்ளைகள் ஏற்கெனவே படித்த ஒரு சமன்பாடு. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதி எழுதிச் சலித்த அதே விடயம் இங்கே உயிர் பெறுகிறது. 2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம், 1 என்பது 1 இன் வர்க்கம்; ஆகவே 2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1). வலப்பக்கத்தில் உள்ள இரண்டும் 4294967295, 4294967297 என்ற பத்து இலக்க எண்கள். கருவியின் காரணியாக்க வசதி ஏற்றுக்கொள்ளும் எல்லையும் சரியாகப் பத்து இலக்கம்தான். இருபது இலக்க எண்ணொன்று இரண்டாக உடைந்து, மயிரிழை இடைவெளியில் அந்த வாசலுக்குள் நுழைந்துவிடுகிறது. இதை முதன்முதலில் கரும்பலகையில் எழுதிப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

முதல் எண்ணை அழுத்திச் சமன் விசையைத் தொட்டு, பின்னர் ‘ஷிப்ட்’ விசையையும் பாகை விசையையும் அழுத்தினால், ஒரு கணம் யோசித்துவிட்டு 3 × 5 × 17 × 257 × 65537 என்று திரை நிறைகிறது. இந்த ஐந்தும் ஒரே குடும்பத்து முதன்மை எண்கள். 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வொன்றும் முந்தியதன் வர்க்கமாக வளரும் வரிசையில் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். பிரான்சு நாட்டின் பெர்மா 1640இல் இவற்றைக் கண்டு, இந்த வரிசையில் வரும் எல்லாமே முதன்மை எண்கள்தாம் என்று நம்பினார். பின்னர் 1796இல் காவுஸ், கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு பதினேழு பக்க ஒழுங்கான பல்கோணியை வரையலாம் என்று கண்டபோது, இந்தக் குடும்பத்து எண்களுக்கு யாரும் எதிர்பாராத கேத்திரகணித மதிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. 4294967295 இன் காரணிகளில் 1ஐத் தவிர்த்த 31ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள்: 3, 5, 15, 17, 51 என்று போகும் அந்த ஒவ்வோர் எண்ணிக்கைப் பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியையும் அந்த இரண்டு கருவிகளால் வரையலாம். ஒற்றை எண்ணிக்கைப் பக்கமுள்ளவற்றுள் வேறெதையும் அவ்வாறு வரையலாம் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

இரண்டாவது எண் 4294967297. பெர்மாவின் வரிசையில் 65537க்கு அடுத்தது இது. அவர் நம்பியது சரியென்றால் இதுவும் முதன்மை எண்ணாக இருக்க வேண்டும். கருவி தரும் விடை 641 × (6700417). 1732இல் ஒயிலர் கையாலே கண்ட அதே விடைதான், ஒரு நொடியில் வந்து நிற்கிறது. ஆனால் பிள்ளைகளின் கண் 641 இல் விழவில்லை, அடைப்புக்குறியில் விழுந்தது. மண்முனைப் பாலத்தால் வரும் பிள்ளைகளுள் ஒருத்தி, எதையும் கேட்டு முடித்துவிட்டே கொப்பியில் எழுதுபவள், கருவியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சேர், மற்றதுக்கெல்லாம் அடைப்புக்குறி வரல்லையே. இதுக்கு மட்டும் ஏன் போட்டிருக்கு? இது முதன்மை எண்ணா, இல்லையா?”

அந்த அடைப்புக்குறியைத்தான் நான் இந்தக் கருவியின் மிகச் சிறந்த பண்பாகக் கருதுகிறேன். அது ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் கருவியின் உள்ளே நடப்பது முழுவதும் விளங்கிவிடும். ஆயிரத்துக்குக் குறைந்த முதன்மை எண்கள் 168. நாம் கொடுத்த எண்ணைக் கருவி 2, 3, 5 என்று தொடங்கி 997 வரை அந்த 168 ஆலும் வகுத்துப் பார்க்கிறது. அவ்வளவும் முடிந்த பின் எஞ்சியிருப்பது ஒரு சேர்த்தி எண்ணாக இருந்தால், அதன் முதன்மைக் காரணிகள் ஒவ்வொன்றும் அடுத்த முதன்மை எண்ணாகிய 1009க்குக் குறையாது. ஆகவே அந்த எண் 1009 × 1009, அதாவது 1018081க்குக் குறைய முடியாது. எஞ்சியது அதைவிடச் சிறிதென்றால் அது முதன்மை எண்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். 65537க்கு அடைப்புக்குறி போடாததற்குக் காரணம் இது. எஞ்சியது 1018081ஓ அதைவிடப் பெரிதோ என்றால், கருவிக்கு அதற்குமேல் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்காக அது அடைப்புக்குறி போடுகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதன்மை எண் என்றும் கருவி சொல்லவில்லை, சேர்த்தி எண் என்றும் சொல்லவில்லை. இன்னும் தீர்ப்பு வராத எண். 4104676 என்று அழுத்தினால் 2² × (1026169) என்று வரும். அந்த 1026169 உண்மையில் 1013 இன் வர்க்கம், அப்பட்டமான சேர்த்தி எண். 6700417க்கும் அதற்கும் திரையில் ஒரே உடுப்புத்தான்.

“அப்ப மிச்சத்தை நாங்கதான் பார்க்கணுமா, சேர்?” என்று கேட்டாள். ஆம் என்றேன்.

6700417 இன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். கருவி 997 வரை பார்த்துவிட்டது. 1009இலிருந்து 2588 வரையுள்ள முதன்மை எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால் ஒரு மாலைப்பொழுது போதாது. இங்கே ஒயிலர் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து உதவிக்கு வருகிறது: 2³² + 1 இன் முதன்மைக் காரணி எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 ஆகத்தான் இருக்கும். 641ஐப் பாருங்கள், 64ஐப் பத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. இந்த நிபந்தனைக்கு அமைந்து 1009க்கும் 2588க்கும் இடையில் வரும் முதன்மை எண்களைத் தேடினால் 1153, 1217, 1409, 1601, 2113 என்ற ஐந்து மட்டுமே அகப்படுகின்றன. ஐந்தே ஐந்து வகுத்தல்கள்!

அந்தப் பிள்ளை கருவியை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தாள். 6700417ஐ 1153 ஆல் வகுத்தால் 5811.28 என்று தசமம் வருகிறது; முழு எண் பகுதியைக் கழித்து, மிஞ்சிய தசமத்தை மீண்டும் 1153 ஆல் பெருக்கினால் மீதி 334. அடுத்தது 1217, மீதி 832. 1409க்கு மீதி 622. 1601க்கு 232. கடைசியாக 2113க்கு மீதி 94 வந்தபோது அவள் பேனையை மூடி வைத்தாள். ஐந்திலும் மீதி பூச்சியம் இல்லை, எனவே 6700417 முதன்மை எண். கொப்பியில் 641 × (6700417) என்று முன்பு எழுதியிருந்த இடத்துக்குப் போய், அடைப்புக்குறி இரண்டையும் அழிறப்பரால் அழித்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கற்பிக்கிறேன். ஒரு பிள்ளை ஒரு குறியீட்டை அத்தனை உரிமையோடு அழித்ததை வேறெப்போதும் கண்டதில்லை.

641 வகுக்கும் என்பதைக் கருவியில்லாமலே காட்டும் வழியையும் அன்றே சொல்லிக் கொடுத்தேன். 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 5⁴ + 2⁴ உம் ஆகும். முதலாவதன்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்குச் சமமாக நடந்துகொள்ளும். நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமம். இரண்டாவதன்படி, 5⁴ என்பது −2⁴க்குச் சமம். அதைப் பிரதியிட்டால் −2³² என்பது 1க்குச் சமம், அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். இதை மூன்று தரம் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நான்காம் தரம் பிள்ளைகளே எழுதினார்கள்.

ஆக, நெற்குவியல் எண்ணின் முழு வடிவம் 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. இதன்பின் வகைப்படுத்தல் எல்லாம் இலகு. ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே தரம். ஆகவே காரணிகளின் எண்ணிக்கை 2⁷, அதாவது 128. எந்த வர்க்க எண்ணும், 1ஐத் தவிர, இதை வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 87, மீண்டும் கூட்டினால் 15, இலக்கச் சுட்டி 6. எனவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. காரணியாக்கம் சொன்னதையே இலக்கச் சுட்டியும் சொல்கிறது என்று பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னுமொரு வகைப்படுத்தல் உண்டு. தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டும்போது எண்ணைவிடக் குறைவாக வந்தால் அது குறைவெண், கூடினால் மிகை எண், சரியாக வந்தால் நிறைவு எண். 128 காரணிகளையும் எழுதிக் கூட்டத் தேவையில்லை. 4/3, 6/5, 18/17 என்று ஒவ்வொரு முதன்மைக் காரணிக்கும் ஒன்றைக் கூட்டி அதே காரணியால் வகுத்து, ஏழையும் பெருக்கினால் போதும். கருவி 1.7034 அளவில் விடை தருகிறது; தன்னையும் சேர்த்த எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணின் அத்தனை மடங்கு. இது 2க்குக் குறைவு, ஆகவே நம் எண் குறைவெண். தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணின் ஏறத்தாழ 70 சதவீதமே. இங்கே கருவியின் கிட்டிய பெறுமானம் தீங்கு செய்யவில்லை. 2க்குக் கூடவா குறையவா என்ற கேள்விக்கு நான்கு தசமங்களே தாராளம். அதே கிட்டிய பெறுமானம் ஒற்றையா இரட்டையா என்ற கேள்வியில் நம்மைக் கவிழ்த்துவிட்டது. எந்தக் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைக் கருவி அறியாது, அதைப் பிடித்திருக்கும் கைதான் அறிய வேண்டும்.

நிறைவு எண்களுக்கு இந்தக் கருவி நன்றாக ஒத்துப்போகிறது. 33550336 என்று கொடுத்தால் 2¹² × 8191 என்று வரும்; 8589869056க்கு 2¹⁶ × 131071. இரண்டிலும் அடைப்புக்குறி இல்லை. 2 இன் வலு ஒன்றும், அதற்கடுத்த வலுவிலிருந்து ஒன்று குறைந்த முதன்மை எண்ணும் சேர்ந்து நிறைவு எண்ணாகும் என்ற யூக்கிளிட்டின் முடிவு கண்முன் நிற்கிறது. மேலே உபாயத்துக்கு எடுத்துக்காட்டிய 137438691328 இந்த வரிசையில் அடுத்தது, ஆனால் பன்னிரண்டு இலக்கமாகையால் காரணியாக்க வசதி அதை ஏற்காமல் பிழைச் செய்தி காட்டும். 2147483647ஐக் கொடுத்தாலோ முழு எண்ணையும் அடைப்புக்குறிக்குள் போட்டுத் திருப்பித் தந்துவிடும். அது முதன்மை எண் என்று 1772இல் நிறுவியவரும் ஒயிலர்தான். வகுத்துப் பார்க்க வேண்டிய எண்களை நூற்றுக்கும் குறைவாகச் சுருக்கிக்கொண்டு அவர் அதைச் செய்தார். அந்த வேலையை வகுப்பில் இன்னும் தொடங்கவில்லை.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைக்காமல் எங்கள் பக்கத்தில் கணிதம் பேச முடிவதில்லை. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் சுருதிகளை எண் விகிதங்களாக வைத்து ஆராய்ந்தவர் அவர். ஐந்தாம் சுரத்துக்குரிய 3/2 என்ற விகிதத்தைப் பன்னிரண்டு தரம் அடுக்கினால் ஏழு ஸ்தாயிகளின் எல்லையைச் சரியாகத் தொட வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். ஆனால் 531441க்கும் 524288க்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி எஞ்சிவிடுகிறது. கருவியில் முன்னதை அழுத்தினால் 3¹², பின்னதை அழுத்தினால் 2¹⁹. ஒன்றில் 3ஐத் தவிர வேறு முதன்மைக் காரணி இல்லை, மற்றதில் 2ஐத் தவிர வேறில்லை. எத்தனை தரம் அடுக்கினாலும் இரண்டும் ஒருபோதும் சந்திக்காது. இசை பயிலும் பிள்ளையொன்று வகுப்பில் இருந்தபடியால் இதைச் சொன்னேன், அந்தப் பிள்ளை மறுநாள் சுருதிப் பெட்டியோடு வந்துவிட்டது.

இனிக் கருவியின் உடலைப் பற்றி. விசைகள் அழுத்தமாகவும் ஓசையின்றியும் பதிகின்றன. ஒரு வருடத்தில் எழுத்து எதுவும் தேயவில்லை, இத்தனைக்கும் முப்பது பிள்ளைகளின் வியர்த்த கைகள் மாறி மாறித் தொட்டிருக்கின்றன. சூரியக் கலமும் சிறு மின்கலமும் சேர்ந்து இயக்குவதால் மின்கலம் இன்னும் மாற்றவில்லை. திரைக்குப் பின்னொளி இல்லை. மின்வெட்டு வந்தால் கருவி வேலை செய்யும், ஆனால் விளக்கருகே கொண்டுபோனால்தான் வாசிக்கலாம். மூடி வழுக்கிச் சென்று பின்பக்கம் பொருந்தும் வகை, இரண்டு தரம் சீமெந்து நிலத்தில் விழுந்தும் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீண்ட எண்களை அழுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. 4294967297 போன்ற எண்ணை இடைவெளியின்றித் திரையில் பார்க்கும்போது பிள்ளைகள் ஓர் இலக்கத்தை விட்டுவிடுகிறார்கள் அல்லது இரண்டு தரம் அழுத்திவிடுகிறார்கள். இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்துக் காட்டும் வசதி கருவியில் இருக்கிறது. ஆனால் அது அமைப்புப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் மறைந்து கிடக்கிறது, வாங்கும்போது அணைந்த நிலையில்தான் வருகிறது. கைந்நூல் ஆங்கிலத்தில் இருப்பதால் இதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு மாதம் சென்றது. அடைப்புக்குறியின் பொருளும் அதே கைந்நூலின் சிறு எழுத்துக் குறிப்பொன்றில்தான் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் எழுதி உள்ளே வைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும். நான் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கைபேசியில் இந்த எண் முழுவதையும் ஒரே தட்டலில் பிரித்துவிடலாமே என்று ஒரு தந்தையார் கேட்டார். பிரித்துவிடலாம். ஆனால் அங்கே ஏழு காரணிகளும் ஒன்றாக வந்து விழும். இரு வர்க்கங்களின் வித்தியாசமும் வேண்டாம், 64ஆல் வகுத்த மீதியும் வேண்டாம், ஐந்து வகுத்தல்களும் வேண்டாம். பத்து இலக்கத்தோடு நின்றுவிடும் கருவி, எஞ்சிய வேலையைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறது. அவருடைய மகளுக்கு இதையே வாங்கிக் கொடுக்கும்படி சொன்னேன், வாங்கிக் கொடுத்தார்.

விலையைப் பொறுத்தவரை இது எங்கள் பிள்ளைகள் பலருக்கு எட்டாத பொருள்தான். எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வகுப்புக்கு இரண்டு இருந்தால் தாராளம், நாங்கள் இரண்டைத்தான் வைத்திருக்கிறோம். வாங்கும்போது பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். கடையில் வைத்தே 4294967297ஐ அழுத்திக் காரணியாக்கிப் பாருங்கள். 641ஐ அடுத்து அடைப்புக்குறிக்குள் 6700417 வந்தால் காரணியாக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிழைச் செய்தி வந்தாலோ, எதுவும் வராமலிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடைப்புக்குறியை அழித்த பிள்ளை இப்போது 2147483647ஐ எடுத்திருக்கிறாள். வகுக்க வேண்டிய எண்களின் பட்டியலைத் தயாரித்து முடித்துவிட்டாள். சிறுபோக வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்ததும், அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வகுத்தலைத் தொடங்குவாளாம்.